ஏற்காடு மலை ஏறுமுன்: உங்கள் முதல் ரைடிங் ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சேலத்தில் இருப்பவர்கள் ரைடிங் ஜாக்கெட் வாங்குவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஏப்ரல் மதியம் அஸ்தம்பட்டி சிக்னலில் நின்றால் உடம்பு வேகும். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. அங்கே பனிமூட்டமும் தூறலும் சேர்ந்துவிட்டால் விரல் விறைக்கும். குளிரை நினைத்துத் தடிமனான ஜாக்கெட்டை வாங்குபவர்கள், கீழே வெயில் தாங்காமல் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். நம் ஊருக்கு வெயிலைக் கணக்கில் வைத்துத்தான் வாங்க வேண்டும். குளிருக்கும் மழைக்கும் வேறு வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

படி 1: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

தேசிய நெடுஞ்சாலை 44-ல் வேகமாகப் போகும்போது விழுந்தால் தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டே போவோம். அங்கே துணியின் உறுதிதான் தோலைக் காக்கும். காப்பித் தோட்டத்து மண்பாதையில் வேகம் குறைவு, ஆனால் கல்லிலும் வேரிலும் மோதி விழுவோம். அங்கே எலும்பைக் காப்பது ஆர்மர், அதாவது ஜாக்கெட்டுக்கு உள்ளே செருகியிருக்கும் அடி தாங்கும் பட்டைகள். அதோடு மண்பாதையில் ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) எழுந்து நின்று ஓட்டுவோம், காற்றும் குறைவாகத்தான் வரும், வியர்வை கொட்டும். மண்பாதைக்கே தார் ரோட்டில்தான் போய்ச்சேர வேண்டும் என்பதால் நமக்கு இரண்டு பாதுகாப்பும் தேவை.

படி 2: ஆர்மரை வெளியே எடுத்துப் பாருங்கள்

கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, தோள், முழங்கை, முதுகு பட்டைகளைக் கையால் உருவி எடுத்துப் பாருங்கள். பட்டையின் மேலேயே தர எண் அச்சாகியிருக்க வேண்டும். தோளுக்கும் முழங்கைக்கும் ஐரோப்பியத் தரம் 1621-1, முதுகுக்கு 1621-2. பக்கத்திலேயே லெவல் 1 அல்லது 2 என்று இருக்கும். சோதனையில் அடியின் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மிகாமல் உடம்புக்குக் கடந்தால் முழங்கைப் பட்டைக்கு லெவல் 1, 20-க்கு மிகாமல் இருந்தால் லெவல் 2. முதுகுப் பட்டைக்கு இந்த அளவுகள் 18, 9.

பல ஜாக்கெட்டுகளில் முதுகில் வெறும் பஞ்சு அட்டைதான் வைத்திருப்பார்கள். அதில் எண் எதுவும் இருக்காது. ஜாக்கெட் பிடித்திருந்தால் வாங்கலாம், ஆனால் தரச்சான்று பெற்ற முதுகுப் பட்டைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். இன்னொன்று: 'T' என்ற ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் சேர்ந்து T+ என்று இருந்தால் 40 டிகிரி வெப்பத்திலும் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். மென்மையான ஆர்மர் சூட்டில் இளகும் என்பதால், சேலத்துக்காரர்கள் இந்தக் குறியைத் தேடிப் பார்த்து வாங்குவது நல்லது.

படி 3: துணி

முழு ஜாக்கெட்டுக்கான ஐரோப்பியத் தரம் 17092. அதில் டிரிபிள் ஏ மிக உயர்ந்தது, அடுத்து டபுள் ஏ, அப்புறம் ஏ. டபுள் ஏ கிடைத்தால் மகிழ்ச்சி. நம் வெயிலுக்கு, காற்று புகும் வலைத்துணியால் ஆன மெஷ் ஜாக்கெட்தான் என் சிபாரிசு. ஆனால் மெஷ் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். மார்பிலும் கையின் உட்புறத்திலும் இருக்கலாம். விழுந்தால் முதலில் தரையில் படும் தோள், முழங்கை, முன்கை வெளிப்புறம் ஆகிய இடங்களில் கெட்டித் துணி இருக்க வேண்டும். 600 டெனியர் என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்ற கணக்குதான். நூல் நைலானா பாலியெஸ்டரா என்றும் கேளுங்கள், நைலான் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும்.

படி 4: அளவு

இதற்கு அதிக நேரம் செலவிடுங்கள். உள்ளே ஸ்வெட்டர் போடலாமே என்று நான் முதலில் ஒரு சைஸ் பெரியதாக வாங்கினேன். மழை விட்ட ஒரு மாலையில் லூப் ரோட்டு வளைவில் சேறு வாரி விழுந்தேன். வேகம் 30 கூட இருக்காது. முழங்கைப் பட்டை கையின் உட்புறத்துக்குச் சுழன்றுவிட்டது, வெறும் துணியோடு முழங்கை தரையில் உரசியது. இரண்டு வாரம் கையை மடக்க முடியவில்லை. நல்ல ஆர்மர்தான், இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

அதனால் கடையில் ஜிப்பை முழுவதும் மூடி, இடுப்பு, கைப் பட்டிகளை இறுக்கிக்கொண்டு, உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. கூட வந்தவரிடம் முழங்கைப் பட்டையைப் பிடித்துத் திருப்பச் சொல்லுங்கள். எளிதாகச் சுழன்றால் சைஸைக் குறையுங்கள். பிறகு ஃபுட்பெக்கில் எழுந்து நில்லுங்கள், முதுகு மேலே ஏறி இடுப்பு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியாக ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு தலையை இருபுறமும் திருப்புங்கள், காலர் இடிக்கக் கூடாது. ஆன்லைனில் வாங்கினால் டேகைக் கிழிக்காமல் வீட்டு வாசலில் இத்தனையும் செய்து பார்த்துவிடலாம்.

படி 5: மழையும் குளிரும்

ஜாக்கெட்டுக்கு உள்ளே மாட்டும் மழை லைனர் உங்கள் உடம்பை நனையாமல் வைக்கும், ஆனால் வெளித்துணி தண்ணீர் குடித்துக் கனக்கும், குளிரும். அதோடு தூறல் தொடங்கியதும் ஓரங்கட்டி ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். மேலே போட்டுக்கொள்ளும் தனி ரெயின்கோட் நம் மலைக்குச் சரி. ஏற்காட்டில் பாதிக் குளிர் காற்றால் வருவது, அதே ரெயின்கோட் காற்றையும் தடுக்கும். உள்ளே ஒரு மெல்லிய கம்பளிப் பனியன் போதும்.

படி 6: ஒரு ஞாயிறு ஓட்டம்

காலையில் பிரதான சாலையில் ஏறி, சேர்வராயன் கோயில் வரை போய், குப்பனூர் வழியாக இறங்குங்கள். வெயில், குளிர், வளைவு எல்லாம் அரை நாளில் வந்துவிடும். எங்கே உரசுகிறது, எந்தப் பட்டி தளர்கிறது என்று குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சரிசெய்யுங்கள்.

துவைக்கும்போது ஆர்மரையும் லைனரையும் கழற்றிவிட்டு, மிதமான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். எப்போதாவது விழுந்தால், அன்றே பட்டைகளை உருவிப் பாருங்கள். விரிசலோ நசுங்கலோ தெரிந்தால் அடுத்த ஓட்டத்துக்கு முன் புதியது வாங்கிப் போடுங்கள்.