கட்டற்ற மென்பொருளுக்குக் கைகொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருளே கட்டற்ற மென்பொருள். குமரி மாவட்டத்தில் அதைத் தொடாமல் யாருக்கும் ஒரு நாள் கழிவதில்லை. கோயில் கொடை நோட்டீஸ் அடிக்கும் கடையில் லிப்ரெஆபீஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டை யூடியூபில் நேரலையாக விடும் ஆலயங்களில் ஓபிஎஸ் ஓடுகிறது. ஒலிப்பதிவை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, எந்த வீடியோவையும் திறக்க விஎல்சி, கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் லினக்ஸ் என்ற இயங்குதளக் கரு. இதற்கெல்லாம் நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களும் இங்கே நிறைய உண்டு. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், டிடிபி வேலை செய்பவர்கள் என்று பலரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மனம் நல்ல மனம்தான், வழிதான் பல நேரம் தவறிப்போகிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உலகமே நம்பியிருக்கும் மென்பொருள்களில் பல, ஒருவர் இருவர் கையில்தான் நிற்கின்றன. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது. வங்கித் தளம் முதல் மின்னஞ்சல் வரை கடவுச்சொல் பத்திரமாகப் போய்ச்சேர உதவும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் இருந்த ஓட்டை அது. அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது, முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. பெரிய கம்பெனிகள் பயன்படுத்துகின்றன, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தக் கம்பெனிகளும் அப்படியேதான் நினைத்திருந்தன. பேச்சிப்பாறைக் கால்வாயில் தண்ணீர் கடைவரம்பு வரை வந்துசேரும்போது, மேலே தூர்வாரியது யார் என்று எந்த வயலிலும் யாரும் கேட்பதில்லை. இங்கும் அதுதான் நடந்தது.

இப்படித் தனியாக நின்று பராமரிப்பவர்களிடம் பணமும் குறைவு, அதைவிட நேரம் குறைவு. அவர்களுடைய நேரத்தைத் தின்னும் உதவி உதவியே அல்ல. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பெயர் வரவேண்டும் என்பதற்காகப் பங்களிப்பது

நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகள் அதிகம். வேலைக்குப் போகும்போது, நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் கணக்கில் பங்களிப்பைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் நிறைந்திருக்க வேண்டும் என்று யாரோ மாணவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்ட பிள்ளைகள் ஏதாவது ஒரு பெரிய திட்டத்தின் ரீட்மி என்ற அறிமுகக் கோப்பைத் திறந்து, ஒரு காற்புள்ளியை மாற்றி, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட் (பிஆர்) அனுப்புகிறார்கள்.

2020 அக்டோபரில் இது எல்லை மீறியது. ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில் நான்கு புல் ரிக்வெஸ்ட் போட்டால் டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். உலகெங்கும் திட்டங்களின் வாசலில் குப்பை குவிந்தது. பராமரிப்பாளர்கள் கொதித்துப்போய் எழுதிய பிறகு, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று நடுவழியில் விதியை மாற்றினார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்துக்கும் இதே கதி. ஒரு பயிற்சி வீடியோவைப் பார்த்துவிட்டு, அதில் காட்டியபடியே தங்கள் பெயரை ரீட்மியில் சேர்த்து அனுப்பியவர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. அவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டு மாணவர்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

மார்த்தாண்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, நாலு பிஆர் போட்டா போதும்லா?"

"போடலாம் மக்ளே. ஆனா அத ஒண்ணொண்ணா தொறந்து பாக்கது யாரு?"

அவன் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை. ஒவ்வொரு ரிக்வெஸ்டும் ஒரு மனிதரின் மேசைக்குப் போகிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. பிள்ளைகளைவிடச் சொல்லிக்கொடுப்பவர்கள்மீதே இதில் பொறுப்பு அதிகம். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியைப் பழகுவதற்கு நண்பனுடைய ரெப்போவோ (நிரல் கிடங்கோ) கல்லூரியின் ரெப்போவோ போதும்.

இதன் புதிய வடிவம், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதிய பாதுகாப்பு அறிக்கைகள். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தை 1998 முதல் நடத்திவரும் டேனியல் ஸ்டென்பர்க் 2024 முதலே இதைப் பற்றி வெளிப்படையாக எழுதிவருகிறார். பார்க்க அசலாக இருக்கும், பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் பாதுகாப்பு என்று தலைப்பிட்டு வந்ததைப் பார்க்காமல் தள்ளவும் முடியாது. நீங்களே ஓட்டிப் பார்த்து உறுதிசெய்யாத எதையும் அனுப்பாதீர்கள்.

"வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுவது

நிரல் எழுதத் தெரியாதவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, நல்ல வழு (பிழை) அறிக்கை. தமிழ் தெரிந்தவரால் மட்டுமே எழுதக்கூடிய அறிக்கைகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரிபஸில் நெடுங்காலம் தமிழ் உடைந்துதான் வந்தது. "கொடை" என்று அடித்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் உட்காராது. எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பு செய்கிறது. ஆண்ட்ராய்டு, குரோம், பயர்பாக்ஸ், லிப்ரெஆபீஸ் எல்லாவற்றிலும் தமிழ் சரியாகத் தெரிவது அதன் புண்ணியத்தில்தான். ஸ்கிரிபஸுக்குள் அது 2017ல் வந்த 1.5.3 பதிப்பில் நுழைந்தது. அந்த வேலையில் பெரும்பங்கு ஓமானில் இருந்த ஒரு குழுவுடையது. அவர்களுக்கு அரபி எழுத்து சரியாக வரவேண்டியிருந்தது, அதோடு நமக்கும் வழி திறந்தது. நிலையான 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் வெளியானது.

இதில் கவனிக்க வேண்டியது, கொம்பு தள்ளி நின்றால் ஐரோப்பாவில் இருக்கும் நிரலாளருக்கு அது தவறாகவே தெரியாது என்பது. அவருக்கு எல்லாம் வளைகோடுகள்தான். நாகர்கோவில் டிடிபி கடையில் திருமண அழைப்பிதழ் செய்பவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் அவர் "தமிழ் சரியாக வரவில்லை, சீக்கிரம் சரிசெய்யவும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால், அதை வைத்து அங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அனுப்ப வேண்டியது இதுதான்: மென்பொருளின் பதிப்பு எண், விண்டோஸா லினக்ஸா, எந்த எழுத்துரு, அதை எங்கிருந்து இறக்கினீர்கள். பிறகு, சிக்கல் தெரியும் ஒரே ஒரு சொல் மட்டும் உள்ள சிறிய கோப்பு. நாற்பது பக்கத் திருவிழா மலரை அப்படியே அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். அந்தக் கோப்பிலிருந்து வந்த பிடிஎஃப், கூடவே சரியாக எப்படி வரவேண்டும் என்று காட்டும் ஒரு படம். பிழையான இடத்தைச் சிவப்பு வட்டமிடுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் கவலையில்லை, வட்டமே பேசிவிடும். எழுதும் முன் அதே சிக்கலை வேறு யாரேனும் பதிந்திருக்கிறார்களா என்று தேடிப்பாருங்கள். இருந்தால் அதற்குக் கீழே உங்கள் கோப்பைச் சேருங்கள். புதிய பதிப்பு வந்ததும் அதே கோப்பை மறுபடி திறந்து, சரியாகிவிட்டதா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்தால் பராமரிப்பாளர் உங்கள் பெயரை மறக்க மாட்டார்.

மொழிபெயர்ப்பிலும் இதே அக்கறை வேண்டும். வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புத் தளங்களில் நூற்றுக்கணக்கான வரிகளை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு ஒரே இரவில் நிரப்பிவிடுகிறார்கள். பட்டியலில் தமிழ் நூறு சதவீதம் என்று வந்துவிடும், அதன்பின் திருத்த வருபவருக்கு எங்கே கைவைப்பது என்றே தெரியாது. வரிகளுக்கு நடுவே சதவீதக் குறியோடு வரும் இடக்குறிகளை (பெயரோ எண்ணோ பிறகு வந்து உட்காரும் இடங்களை) தவறுதலாக அழித்தால் செயலியே நின்றுபோகவும் கூடும். பத்து வரி செய்தாலும் அந்தத் திரையைத் திறந்து பார்த்துச் செய்யுங்கள்.

அதட்டுவது

எக்ஸ்-இசட் யூட்டில்ஸ் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். ஏறத்தாழ எல்லா லினக்ஸிலும் உண்டு. அதை லாஸ் காலின் என்பவர் சம்பளம் இல்லாமல் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்தார். 2022ல், ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் ஒப்படையுங்கள் என்று மின்னஞ்சல் குழுவில் சிலர் நெருக்கத் தொடங்கினார்கள். தமக்கு நீண்டகாலமாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது ஊதியமற்ற வேலை என்பதையும் அவர் பணிவாகச் சொன்னார். நெருக்குதல் நிற்கவில்லை. ஜியா டான் என்ற பெயரில் உதவிக்கு வந்து சேர்ந்திருந்தவருக்குப் படிப்படியாகப் பொறுப்பு கைமாறியது. 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில் அந்த நபர் யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைய வழிவிடும் பின்வாசல் ஒன்றை மறைத்து வைத்திருந்தார். மார்ச் மாதம், சர்வரில் நுழையும்போது அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆந்திரஸ் ஃபிராய்ன்ட் என்ற பொறியாளர் அதைத் தோண்டி எடுத்தார். இல்லையென்றால் உலகின் சர்வர்களில் பெரும்பகுதி திறந்த வீடாகியிருக்கும்.

அன்று நெருக்கியவர்கள் போலிக் கணக்குகள் என்றே கருதப்படுகிறது. ஆனால் அவர்கள் எழுதிய வரிகள் எந்தத் திட்டத்தின் கீழும் உண்மையான பயனர்கள் நாள்தோறும் எழுதும் வரிகள்தான். "எப்போது வரும்?", "இன்னுமா முடியவில்லை?" என்று கேட்பது நமக்கு ஒரு நொடி. தனியாக நிற்பவரை அது உள்ளே அரிக்கிறது. காத்திருக்க முடியவில்லை என்றால் சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள், ஆவணம் எழுதுங்கள், மற்ற பயனர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். ஒன்றும் இயலாவிட்டால், உங்கள் மென்பொருளால்தான் எங்கள் கடை நடக்கிறது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். அதையும் எழுதுபவர்கள் அரிது.

பணத்தில் செய்யும் தவறுகள்

தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தி, அதே பெயரில் இருக்கும் போலித் தளத்தில் இறக்குவதும் பணம் கட்டுவதும் நடக்கிறது. அந்தப் பணம் திட்டத்துக்குப் போகாது, கணினிக்கும் கேடு. நன்கொடைப் பக்கத்துக்குத் திட்டத்தின் சொந்தத் தளம் வழியாகவே போங்கள்.

நம் நாட்டில் வேறொரு தடையும் உண்டு. 2021 அக்டோபரில் தானியங்கிப் பிடித்தங்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்தபின், நம் கார்டுகளிலிருந்து வெளிநாட்டுத் திட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த மாத நன்கொடைகள் பல இடங்களில் நின்றன. கட்ட முடியவில்லை என்று அதோடு விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுங்கள். கடை ஆயுத பூஜைக்குக் கணக்கு ஒதுக்கும்போதே இதற்கும் ஒதுக்கிவிடலாம். ஒரு ஆய்வகம் முழுவதையும் லினக்ஸுக்கு மாற்றும் கல்லூரி, உரிமக் கட்டணத்தில் மிச்சமானதில் ஒரு பங்கை அடுத்த ஆண்டு பட்ஜெட்டிலேயே எழுதிவைக்க வேண்டும். பூஜ்யம் என்று எழுதினால் அது பூஜ்யமாகவே நிலைத்துவிடும்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் உபுண்டு என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் ஓடுகிறது. அதைப் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவும் கைட் என்ற அரசு நிறுவனமே இருக்கிறது. நம் பக்கம் 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் நாட்டில் உருவான பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளமும் வந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால், அதை அழித்துத் தரச்சொல்லிப் பிள்ளைகள் கடைக்கு வந்தார்கள். மென்பொருளுக்கு விலை இல்லாவிட்டாலும் ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

தமிழ்த் திட்டங்களை நடத்துபவர்கள் செய்யும் தவறு இதற்கு நேரெதிர். அவர்கள் கேட்பதே இல்லை. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024ல் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்து, கட்டற்ற திட்டங்களுக்காகத் தொடங்கிய ஃப்ளாஸ் ஃபண்ட் இருக்கிறது. தேவை என்ன, எவ்வளவு என்று எழுதிய ஒரு சிறு கோப்பைத் திட்டத்தின் தளத்தில் வைத்து விண்ணப்பிக்கலாம். வளைகுடாவில் இருக்கும் உறவினர்கள் இங்குள்ள அறக்கட்டளைக்குப் பணம் அனுப்ப விரும்பினால், இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பில் சேராது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் சேரும், அதைப் பெற எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். கேட்காமல் வாங்கிவிட்டுப் பிறகு சிக்கலில் மாட்ட வேண்டாம்.

எல்லோரும் புதிதாக ஒன்று தொடங்குவது

இறுதியாண்டு புராஜெக்ட் என்று ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு தமிழ் விசைப்பலகையோ பிழைதிருத்தியோ பிறக்கிறது. மதிப்பெண் வந்ததும் அங்கேயே கிடக்கிறது. ஏற்கெனவே தமிழ் உரையைக் கையாளும் ஓபன்-தமிழ் போன்ற நிரல்தொகுப்புகள் இருக்கின்றன, கணியம் அறக்கட்டளை போன்ற குழுக்கள் பல கட்டற்ற தமிழ்த் திட்டங்களை நடத்துகின்றன. அங்கே போய் ஒரு வழுவைச் சரிசெய்வதையே புராஜெக்டாக ஏற்க நம் துறைத்தலைவர்கள் முன்வர வேண்டும். அந்த வேலை அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்கும்.

அப்படியும் தொடங்கியே தீர வேண்டும் என்றால், முதல் நாளே உரிமக் கோப்பைச் சேருங்கள். நிரலைப் பொதுவில் வைத்தாலும் உரிமம் இல்லையென்றால் வேறு யாரும் அதைச் சட்டப்படி எடுத்தாள முடியாது. ரெப்போவின் நிர்வாக அனுமதி இருவரிடமாவது இருக்கட்டும். டொமைன் புதுப்பிக்கும் தேதி ஒருவருடைய மின்னஞ்சலில் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறி பெங்களூரு போனதும் தளம் காணாமல் போகும். தொடர முடியவில்லை என்றால் ரீட்மியின் முதல் வரியில் அதைச் சொல்லிவிட்டு, ரெப்போவைக் காப்பகமாக மாற்றிவிடுங்கள். யாரேனும் பொறுப்பேற்கிறேன் என்று வந்தால் கேட்ட அன்றே சாவியைக் கொடுக்க வேண்டாம். சில மாதம் அவர் அனுப்பும் வேலையைப் பாருங்கள், அவரை அறிந்தவர்களிடம் விசாரியுங்கள், அதன்பிறகு கொடுங்கள்.