பக்கத்து குமிழைத் திருப்பினால் பேட்டரி அளவு மாறியது

12 வோல்ட் பேட்டரியின் மின்னழுத்த அளவை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் படிக்க 1 மெகா ஓம், 470 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்திருந்தேன். நடுப்புள்ளியில் 3.84 வோல்ட் வர வேண்டும். வந்த எண் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. போர்டு, வயர் எல்லாம் மாற்றினேன், நிரலில் சராசரியும் எடுத்துப் பார்த்தேன். பலனில்லை.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. அடுத்த அனலாக் பின்னில் (மின்னழுத்தத்தைப் படிக்கும் முனை) இருந்த பொட்டென்ஷியோமீட்டரின் குமிழைத் திருப்பினால் பேட்டரி எண்ணும் கூடவே நகர்ந்தது. மல்டிமீட்டரும் 3.72 தான் காட்டியது. அதன் உள்தடை 10 மெகா ஓம்.

சரி, தெவினின் முறையில், அதாவது முழுச் சுற்றையும் ஒரே மின்மூலம், ஒரே தடை என்று சுருக்கிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பேட்டரி இருக்கும் இடத்தை ஷார்ட் செய்ததாகக் கொண்டால், நடுப்புள்ளியிலிருந்து பார்க்கையில் இரண்டு ரெசிஸ்டர்களும் பக்க இணைப்பில் இருக்கின்றன. ஆக மொத்தச் சுற்றும் ஒரு 3.84 வோல்ட் மின்மூலம், அதோடு தொடராக 320 கிலோ ஓம், அவ்வளவுதான். மல்டிமீட்டரின் 3.72 அப்படியே கணக்கில் வந்தது! ஊனோவில் உள்ள அட்மெகா328 சிப்பின் டேட்டாஷீட்டோ மூலத்தின் தடை 10 கிலோ ஓமுக்குள் இருக்கச் சொல்கிறது. மீறினால், உள்ளே இருக்கும் 14 பிகோஃபாரட் கெப்பாசிட்டரில் முந்தைய பின்னின் மின்னழுத்தம் கொஞ்சம் தங்கிவிடுகிறது.

10 கிலோ, 4.7 கிலோ ஓம் போட்டேன். தடை 3.2 கிலோ ஓமாக இறங்கியது, குமிழை எப்படித் திருப்பினாலும் எண் அசையவில்லை. பெரிய நிம்மதி. 0.8 மில்லி ஆம்பியர் எந்நேரமும் ஓடும். அது கட்டாது என்பவர்கள் பழைய ரெசிஸ்டர்களையே வைத்து, நடுப்புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு, நிதானமாகப் படிக்கலாம்.