சென்னையில் அறிவியல் பேச்சு கேட்கப் போகிறீர்களா? முதல் தடவை போகிறவர்களுக்கு

சென்னையில் ஏதாவது ஒரு அரங்கில் யாராவது ஒரு விஞ்ஞானி பொதுமக்களுக்காகப் பேசுவது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஆனால் போய்ப் பார்த்தால் வந்திருப்பவர்களில் நிறையப் பேர் ஏற்கனவே அந்தத் துறையில் படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள். டியூஷன் எடுக்கிறவர், ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா என்று தேடினால் கொஞ்சம் பேர்தான். என் தெருவில் கேட்டுப் பார்த்தேன். "நமக்கு என்ன புரியப்போகுது" என்பது ஒரு பதில், "நம்மளை உள்ளே விடுவாங்களா" என்பது இன்னொன்று. என் மகளுக்கு ஏழு வயதானதிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு இப்படி அலைகிறேன், அதில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே விடுவார்கள். வாசலில் செக்யூரிட்டி நோட்டை நீட்டுவார், பெயரும் செல்பேசி எண்ணும் எழுதி, "பப்ளிக் லெக்சருக்கு வந்திருக்கேன்" என்று சொன்னால் போதும், அரங்கு எந்தப் பக்கம் என்று அவரே கை காட்டுவார். முன்பதிவு கேட்கும் நிகழ்ச்சிகளுக்கு அந்த மின்னஞ்சலையோ குறுஞ்செய்தியையோ போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டை ஒன்றும் கையில் இருக்கட்டும். ஐஐடி மாதிரி பெரிய வளாகம் என்றால் கூடுதலாக அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மெயின் கேட்டைத் தாண்டிவிட்டால் வந்தாயிற்று என்று நினைக்கக் கூடாது, அதற்கப்புறம் மரங்களுக்கு நடுவே நீளமான சாலை இருக்கிறது, மான் குறுக்கே போனால் குழந்தை அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று, கிளம்புவதற்கு முன் அன்று காலையிலேயே இணையதளத்தை ஒருமுறை பாருங்கள். ஒரு தடவை ஒரு நிறுவனத்தில் அரங்கை மாற்றிவிட்டு வாசலில் ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டவில்லை, நாங்கள் மூன்று கட்டடம் ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது பேச்சு பாதி முடிந்திருந்தது.

அடுத்தது, எதற்குப் போவது என்பது. இங்கேதான் நிறையப் பேர் முதல் தடவையே தவறான பேச்சுக்குப் போய்விட்டு, பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை. அறிவிப்பில் 'செமினார்' என்று இருந்தால் அது அதே துறையில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு. 'கொலோக்வியம்' என்றால் அந்த நிறுவனத்தில் இருக்கிற எல்லாருக்கும், அதாவது இயற்பியல்காரர் பேசுவது கணிதக்காரருக்கும் ஓரளவு எட்ட வேண்டும் என்ற கணக்கு. 'பப்ளிக் லெக்சர்', 'பொதுச் சொற்பொழிவு', 'அவுட்ரீச்' இவைதான் நமக்கு. சந்தேகம் இருந்தால் பேச்சின் சுருக்கத்தை வாசியுங்கள். முதல் நான்கு வரியில் உங்களுக்குப் புரிகிற ஒரு கேள்வியாவது இருந்தால் போகலாம், ஒன்றுமே இல்லையென்றால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், தொடங்க நல்ல இடம் கோட்டூர்புரம். பிர்லா கோளரங்கம் 1988-லிருந்து அங்கே இருக்கிறது, காட்சிகள் தமிழில் தனியாகவும் ஆங்கிலத்தில் தனியாகவும் நடக்கும், ஆகவே டிக்கெட் வாங்கும்போதே எந்த மொழி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிரகணம் மாதிரி வானத்தில் விசேஷம் ஏதாவது இருக்கும் நாட்களில் தொலைநோக்கி வைப்பார்கள், வரிசை நீளும். முதல் தடவை நிலவைப் பார்க்கப் போகிறவர்கள் பௌர்ணமியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று வெளிச்சம் நேராக விழுவதால் எல்லாம் தட்டையாக, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். வளர்பிறை ஏழாம், எட்டாம் நாள் போனால் இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்து, கிண்ணம் கிண்ணமாகத் தெரியும். குழந்தைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்: தொலைநோக்கியின் குழாயைப் பிடிக்கக் கூடாது, ஒரு கண்ணை இறுக்கி மூடச் சிரமப்பட வேண்டாம், உள்ளங்கையால் பொத்திக்கொண்டால் போதும். என் மகள் முதல் இரண்டு முறை ஒன்றுமே தெரியவில்லை என்று இறங்கிவிட்டாள். மூன்றாவது முறை அங்கே இருந்த தன்னார்வலர் ஒரு ஸ்டூலைப் போட்டு, "அவசரப்படாதம்மா, பத்து எண்ணு, தானா வரும்" என்றார். எட்டு எண்ணும்போது வியாழனையும் பக்கத்தில் வரிசையாக நான்கு புள்ளிகளையும் பார்த்துவிட்டாள். அந்த நான்கும் 1610-ல் கலிலியோ பார்த்த அதே நிலவுகள் என்று அவர் சொன்னதும், வரிசையில் பின்னால் நின்றவர்கள் கத்தும்வரை இறங்கவே இல்லை.

தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தை அங்கே இருப்பவர்கள் 'மேட்சயின்ஸ்' என்பார்கள். அது பிறந்த கதை நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இயற்பியல் கூட்டங்கள் நடத்தினார், 1960-ல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் நீல்ஸ் போர் (Niels Bohr) அந்த வீட்டுக்கு வந்துபோனார், 1962 ஜனவரியில் நிறுவனம் தொடங்கியது. வீட்டில் நாற்காலி போட்டுப் பேசியதிலிருந்து வந்த இடம் அது. அவர்கள் 2016-லிருந்து மியூசிக் அகாடமியில் 'சயின்ஸ் அட் த சபா' என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். டிசம்பரில் தோடியும் காம்போதியும் கேட்ட அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மாலையில் விஞ்ஞானிகள் அடுத்தடுத்து வந்து பேசுவதைக் கேட்கலாம். தலைப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும், அதுதான் அதன் அழகு, ஒன்று பிடிபடாவிட்டாலும் அடுத்தது பிடிபடும். ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் போக முடியும் என்றால் இதற்குப் போங்கள்.

பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது பெரிய தடை மாதிரித் தெரியும், ஆனால் தடை மொழியில் இருப்பதைவிட பத்துப் பதினைந்து சொற்களில்தான் இருக்கிறது. முந்தின நாள் இரவு நம் அரசுப் பாடநூல்களில் அந்தப் பாடத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நீங்கள் படித்த நொதிதான் அவர்கள் சொல்லும் 'என்ஸைம்' என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு இதே வேலை தலைகீழாகத் தேவைப்படும், தமிழ்ப் பேச்சுக்குப் போகும்போது. தமிழிலேயே கேட்க வேண்டும் என்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கூட்டங்களைக் கவனியுங்கள். 1980-லிருந்து இயங்குகிறார்கள், சிறுவர்களுக்கான 'துளிர்' அறிவியல் இதழ் அவர்களுடையதுதான். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடக்கும் 'பொன்மாலைப் பொழுது' பெரும்பாலும் இலக்கியம் என்றாலும் அவ்வப்போது அறிவியலும் வரும், யார் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

கேள்வி கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேள்வி நேரத்தில் மைக் முதலில் யாரிடம் போகிறது என்று கவனியுங்கள், சத்தமாகப் பேசுகிறவர்களிடம். அவர்களில் ஒருவர் ஐந்து நிமிடம் தன் கருத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார், நேரம் முடிந்துவிடும். அதனால் பேச்சு நடக்கும்போதே உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுதி வையுங்கள், எழுதினால் சுருங்கும். கை தூக்குவதற்குத் தயங்காதீர்கள், சுவர் ஓரமாக உட்காராமல் நடைபாதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் மைக் எளிதாக வந்து சேரும். என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் எந்தத் துறைக்கும் பொருந்துகிற கேள்வி ஒன்று இருக்கிறது: "இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது, எதை அளந்தீர்கள்?" இதைக் கேட்டால் விஞ்ஞானிகள் முகம் மலர்ந்துவிடும், ஏனென்றால் ஸ்லைடில் ஒரு வரியாக வந்த விஷயத்துக்குப் பின்னால் அவர்கள் மூன்று வருஷம் உழைத்திருப்பார்கள். தமிழிலேயே கேளுங்கள். பேசுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அமைப்பாளர் யாராவது மொழிபெயர்ப்பார்கள், ஒருமுறை ஒரு பாட்டி தமிழில் கேட்டதும் அவருக்குப் பின்னால் நான்கு கைகள் எழுந்தன, நான்கும் தமிழில். மைக் வராமலே முடிந்துவிட்டதா, வீட்டுக்குப் போகாதீர்கள். வெளியே டீ, பிஸ்கட் வைத்திருப்பார்கள், அங்கே பேச்சாளரைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்பார்கள், நீங்களும் போய் நில்லுங்கள். மேடையில் சொல்லாததை, சரியாக வராமல் போன பரிசோதனையை, இன்னும் யாருக்கும் விடை தெரியாததை அங்கேதான் சொல்வார்கள்.

நாற்காலியில் உட்கார முடியாத பிள்ளைகள் இருந்தால் காலால் நடக்கிற அறிவியல் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி இணையத்தில் பதிந்தால் போதும், மொட்டைமாடிகூடப் போதும், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் போனால் இன்னும் நல்லது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமை நடை. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988-லிருந்து கடற்கரையில் இரவெல்லாம் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள், சில இரவுகளில் நம்மையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் பல கிலோமீட்டர், விடிகாலை ஆகிவிடும், ஆகவே சின்னக் குழந்தைகள் வேண்டாம். அடர்நிற உடை, தண்ணீர், பேச்சைக் குறைப்பது, டார்ச் அடிக்காமல் இருப்பது, இவ்வளவுதான் கேட்பார்கள். வெளிச்சத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது நடக்கும்போதே புரியும்: பொரிந்த குஞ்சுகள் இருட்டில் கடல் பக்கம் தெரியும் மெல்லிய ஒளியை நோக்கிப் போகிறவை, இங்கே அதைவிடப் பிரகாசமாக நம் தெருவிளக்குகள் இருப்பதால் தார்ச்சாலைப் பக்கம் திரும்பிவிடும்.

ஒரு குறை எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. இவையெல்லாம் கோட்டூர்புரம், அடையாறு, தரமணி என்று பறக்கும் ரயில் போகிற தடத்திலேயே குவிந்து கிடக்கின்றன. எண்ணூரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ ஒரு பிள்ளை சாயங்காலம் ஆறு மணிப் பேச்சுக்கு வந்து திரும்புவதென்றால் ராத்திரி எத்தனை மணியாகும்? ராமானுஜன் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்தது துறைமுகத்தில்தான், அவர் பெயரில் ராயபுரத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, பி.கே. சீனிவாசன் என்ற கணித ஆசிரியர் 1993-ல் தொடங்கியது. வடசென்னையில் இருப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள், தேசிய கணித தினம். அதை ஒட்டி நகரத்தில் பல இடங்களில் ஏதாவது நடக்கும்.

உங்கள் பகுதிக்கே ஒரு பேச்சைக் கொண்டுவரவும் முடியும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம், 1928-ல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள், அதை ஒட்டி எல்லாரும் கூப்பிடுவதால் பேச்சாளர் கிடைப்பது கஷ்டம். வேறு மாதத்தில் கேளுங்கள். அறிவியல் இயக்கத்தின் உள்ளூர்க் கிளைக்கோ ஒரு நிறுவனத்தின் அவுட்ரீச் பிரிவுக்கோ இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள்: எத்தனை பேர் வருவார்கள், என்ன வயது, எந்த மொழி, புரொஜெக்டர் உண்டா இல்லையா. இந்த நான்கையும் எழுதினால் நீங்கள் தயாராக இருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் அறை, ஐம்பது நாற்காலி, ஒரு வெள்ளை வேட்டி இருந்தால் திரைக்கும் ஆயிற்று.

பேச்சாளர் கிடைக்கவில்லை என்றால் நிழலில்லா நாளை வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வருஷத்துக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். கன்னியாகுமரியில் ஏப்ரலில் இரண்டு வாரம் முன்பே வந்துவிடும், அந்த வித்தியாசத்தையே பிள்ளைகளிடம் கேள்வியாகப் போடலாம். ஏப்ரலில் மதியம் 12 மணி 7 நிமிட வாக்கில் தண்ணீர் நிரப்பிய பாட்டில், உருளை டப்பா, நேராக நிற்கிற எதையாவது சமதரையில் வையுங்கள், சூரியனை மட்டும் நேராகப் பார்க்க விடாதீர்கள். போன ஏப்ரலில் எங்கள் மொட்டைமாடியில் பதினோரு பிள்ளைகள் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, பதினொன்றரையிலிருந்தே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். கோடுகள் டம்ளரை நெருங்கி நெருங்கி வந்து விளிம்புக்குள் போய்விட்டன. கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் ஒரு மெல்லிய கீற்றாக நிழல் வெளியே வந்தது, அதற்கும் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனார்கள்.