மலையகத்துக்கு நர்ஸ் வேலைக்கு வருகிறீர்களா?

தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் மலையகத்துக்கு, நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ பதுளைக்கோ வேலைக்கு வரும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் இதை எழுதுகிறேன். குளிர் ஒரு மாதத்தில் பழகிவிடும். முதலில் பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நர்ஸ் கவுன்சிலில் வாங்கிய பதிவு இங்கே தானாகச் செல்லாது. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கைத் தாதியர் சபைதான் இங்கே தாதியரைப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவு கைக்கு வராமல் நோயாளிக்கு ஊசி போடாதீர்கள், மருந்து கொடுக்காதீர்கள். "எப்படியும் வந்துவிடும், இன்றைக்கு ஒரு நைட் டியூட்டி மட்டும் பாருங்கள்" என்று கேட்பார்கள். பிசகினால் மாட்டிக்கொள்வது கேட்டவர் இல்லை, நீங்கள். சுற்றுலா விசாவில் வந்து வேலை பார்ப்பதும் அப்படித்தான். வேலைக்கான வதிவிட விசா வேண்டும். உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறது, புகார் எதுவும் இல்லை என்ற சான்றை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். இங்கிருந்துகொண்டு அதற்கு அலைவது பெரும்பாடு.

அரசாங்க மருத்துவமனை வேலை இலங்கைக் குடிமக்களுக்குத்தான். ஆகவே தனியார் இடத்துக்குத்தான் வருவீர்கள். அந்த இடம், தனியார் மருத்துவ நிலையங்களின் பதிவுக்கான 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பிரசவ விஷயத்தில் நம் ஆட்கள் சறுக்குவதுண்டு. நம் ஊரில் ஒரே படிப்பில் நர்ஸ், மருத்துவமாது (மிட்வைஃப்) இரண்டு பதிவும் கிடைத்துவிடும். இங்கே மருத்துவமாது தனித் தொழில். பதிவும் இலங்கை மருத்துவ சபையிடம். கை பழகியிருக்கிறது என்று தனியாகப் பிரசவம் பார்க்க இறங்காதீர்கள்.

வார்டில் உங்களை "மிஸ்" என்று கூப்பிடுவார்கள். "சிஸ்டர்" என்றால் வார்டுப் பொறுப்பாளர். நாம் கேஸ் ஷீட் என்பது இங்கே பி.எச்.டி. (BHT), அதாவது கட்டில் தலைமாட்டு டிக்கட். போலீஸும் நீதிமன்றமும் கேட்கும்போது போய் நிற்பது அதுதான். செய்ததை அந்த நேரத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள்; வெள்ளை மை பூசவே வேண்டாம். டாக்டர் போனில் மருந்து சொன்னால் திருப்பி வாசித்துக் காட்டுங்கள், நேரத்தோடு குறியுங்கள், அவர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். மோர்பின், பெத்திடின் போன்ற போதை தரும் வலி மருந்துகள் பூட்டுக்குள் இருக்க வேண்டும். மீந்த அரை ஆம்பியூலைக் கொட்டுவதற்கும் பக்கத்தில் ஒரு சாட்சி இருக்கட்டும்.

இனி, சம்மதப் படிவம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தேயிலைத் தோட்டங்களில் "எல்.ஆர்.டி." என்றால் பெண்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை. சரியாக விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்ற மனக்காயம் பல லயன்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்னும் இருக்கிறது. நான் வந்த புதிதில், நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், சிசேரியனுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் சிங்களப் படிவத்தை நீட்டினார்கள். கொழுந்து பறித்துக் கறுத்த விரலை மைப்பெட்டியில் வைக்கப் போனார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. "அக்கா, இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?" என்று கேட்டேன். "வெட்டி எடுக்கத்தானே மிஸ்" என்றார். கீழே எல்.ஆர்.டி.யும் இருந்தது. தமிழில் சொன்னதும், "அப்ப இனிப் புள்ள கிடைக்காதா?" என்று கையை இழுத்துக்கொண்டார். டாக்டரைத் திரும்ப வரவழைத்தோம். அவர் பேச, நான் தமிழில் சொன்னேன். அந்த அக்கா எல்.ஆர்.டி. வேண்டாம் என்றார். சிசேரியனுக்கு மட்டும் வேறு படிவம் எழுதினோம்.

சாட்சிக் கையெழுத்துப் போட்டால், நோயாளிக்கு விளங்கியது என்று நீங்கள் உறுதி சொல்கிறீர்கள். புருஷனோ மாமியாரோ "போட்டுவிடுங்கள் மிஸ்" என்றாலும் அவர் வாயால் கேட்காமல் போடாதீர்கள். சிங்கள நோயாளிக்கும் இதே முறைதான். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். "ரிதெனவத?" என்றால் வலிக்கிறதா என்று அர்த்தம். அதை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்.