உங்கள் மேஜையில் ஓடும் லிஸ்ப் பக்கத்து மேஜையில் ஏன் படுத்துக்கொள்கிறது?

மதுரையில் கே.கே. நகர், அண்ணா நகர்ப் பக்கம் வீட்டு பிளான் போடும் சின்ன ஆபீஸ்களில் யாராவது ஒருவர், பிளான் வரையும் மென்பொருளான ஆட்டோகேடுக்கு லிஸ்ப் எழுதிப் பார்த்திருப்பார். லிஸ்ப் என்றால் ஆட்டோகேடுக்குள்ளேயே ஓடும் ஆட்டோலிஸ்ப் என்கிற நிரல் மொழி. மனையின் பரப்பை சென்ட்டில் எழுதுவது, சுவருக்கு இரட்டைக் கோடு இழுப்பது மாதிரி தினசரி வேலைக்கான நிரல்கள். ஆட்டோலிஸ்ப் 1986-இலிருந்து இருக்கிறது. மொழி அப்படியொன்றும் கஷ்டமில்லை. எழுதியவர் கம்ப்யூட்டரில் ஜோராக ஓடுவது அடுத்தவரிடம் போனதும் சொதப்புவதுதான் தலைவலி.

பெரும்பாலும் குற்றவாளி ஓஸ்னாப்தான், அதாவது மவுஸ் புள்ளியைப் பக்கத்துக் கோட்டின் முனை, மூலையில் ஒட்டவைக்கும் வசதி. நிரலுக்குள் லைன் கமாண்டைக் கூப்பிட்டு இரண்டு புள்ளிகளைக் கொடுக்கிறீர்கள். கணக்கு சரி. ஆனால் ஓஸ்னாப் ஆனில் இருந்தால், நீங்கள் கொடுத்த புள்ளியையும் மவுஸில் தொட்டதாகவே எடுத்துக்கொண்டு பக்கத்து மூலைக்கு இழுத்துவிடும். அந்தப் ‘பக்கம்’ திரையின் பிக்சல் கணக்கு. அதனால் கிட்டே ஜூம் செய்து ஓட்டினால் கோடு சரியாக விழும். முழு லேஅவுட்டும் தெரிகிற மாதிரி வைத்து ஓட்டினால் 9 அங்குலச் சுவரின் உள்கோடு வெளிக்கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். நிரலை வரி வரியாகப் படித்தாலும் தவறு கண்ணில் படாது.

சரி, ஓஸ்னாப் அமைப்பை வைத்திருக்கும் ஓஸ்மோடை நிரலிலேயே 0 ஆக்கி அதை அணைத்துவிடலாம் என்றால் அடுத்த வம்பு. பாதியில் எஸ்கேப் அடித்தால், பழைய மதிப்பைத் திருப்பி வைக்கும் வரிக்கு நிரல் போகவே போகாது. ஓஸ்மோட் விண்டோஸின் ரிஜிஸ்ட்ரியில் பதிவாவது. மறுநாள் திறந்தாலும் 0-தான். “தம்பி, உன் லிஸ்ப்பைப் போட்டதிலிருந்து கோடு மூலையில் ஒட்ட மாட்டேங்குது” என்று சீனியர் டிராஃப்ட்ஸ்மேன் சத்தம் போட்டால் நியாயம் அவர் பக்கம்தான். நிரல் பாதியில் நின்றால் ஓடும் எரர் ஃபங்ஷன் எழுதி, அதிலும் பழைய மதிப்பைத் திருப்புங்கள். பழையது என்றால் அவர் வைத்திருந்தது, உங்களுக்குப் பிடித்த எண் அல்ல. என்னைக் கேட்டால், கமாண்டையே கூப்பிடாமல், கோட்டை நேராக டிராயிங்கில் சேர்க்கும் என்ட்மேக் ஃபங்ஷனில் உருவாக்குவது மேல். ஓஸ்னாப் அதைத் தொடாது.

அப்புறம் அலகு. 1 சென்ட் என்றால் 435.6 சதுர அடி. அடிக்கணக்கில் வரைந்த 1,200 சதுர அடி மனைக்கு 2.75 சென்ட் வரும். அதே மனையை ஒருவர் மில்லிமீட்டரில் வரைந்து அனுப்பினால், உங்கள் நிரல் கூசாமல் 2,55,931 சென்ட் என்று எழுதும். ஒத்தக்கடைப் பக்கம் இரண்டாயிரத்து ஐந்நூறு ஏக்கர் வாங்கிப் போட்ட கணக்கு! டிராயிங்கின் அலகைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸ் அமைப்பை மட்டும் நம்ப முடியாது, டெம்ப்ளேட்டில் இருந்ததை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஓட்டுபவரை மனையின் ஒரு பக்கத்தைத் தொடச் சொல்லி, அது எத்தனை அடி என்று கேட்டுவிடுங்கள். 9 அங்குலத்தை அடியாக்க 9-ஐ 12-ஆல் வகுத்தால் 0 வரும் என்பதும் இதோடு சேர்ந்த தொல்லை. இரண்டும் முழு எண் என்பதால் லிஸ்ப் மீதியை வீசிவிடும், 9.0 என்று எழுதினால் 0.75 கிடைக்கும்.

லோக்கல் வேரியபிள்களை, அதாவது அந்த நிரலுக்குள் மட்டும் இருக்க வேண்டிய மதிப்புகளின் பெயர்களை, அறிவிக்காமல் விட்டால் முந்தைய ஓட்டத்தின் மிச்சம் அடுத்ததில் கலக்கும். புதிதாகத் திறந்த டிராயிங்கில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆட்டோகேட் 2014 பதிப்பிலிருந்து, நம்பகமான ஃபோல்டரில் இல்லாத லிஸ்ப்பை ஏற்றினால் எச்சரிக்கை வரும். எரிச்சலில், அந்த எச்சரிக்கையைத் தரும் செக்யூர்லோட் அமைப்பை 0 ஆக்கச் சொல்லாதீர்கள். டிராயிங் ஃபோல்டர்களில் தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு பென்டிரைவில் பரவும் லிஸ்ப் வைரஸ்கள் உண்டு. உங்கள் ஃபோல்டரை டிரஸ்டட்பாத்ஸ் என்கிற நம்பகமான ஃபோல்டர் பட்டியலில் சேர்த்தால் போதும்.

கடைசியாக, நிரல் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளும் முன் பதிப்பைக் கேளுங்கள். வசதி குறைந்த மலிவுப் பதிப்பான ஆட்டோகேட் எல்டியில் லிஸ்ப் 2024 பதிப்பில்தான் வந்தது. லிஸ்ப்புக்குப் பதில் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதுபவர்களுக்கு 2025 பதிப்பு ஒரு எல்லை. அதில் டாட்நெட் 8-க்கு மாறியதால், பழைய டிஎல்எல்லை (கம்பைல் செய்த நிரல் கோப்பை) மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். அந்த வேலைக்கும் சேர்த்துக் கூலி பேசிக்கொள்ளுங்கள்.