புதிதாக செயின்சா வாங்கியவர்களுக்கு
ஐப்பசி மழைக்கு முன்னால் கிளை கழிக்கும் வேலை குவியும், புது மெஷின்கள் பாழாவதும் அப்போதுதான். 2 ஸ்ட்ரோக் மெஷினில் வெறும் பெட்ரோலை ஊற்றாதீர்கள், பெரும்பாலானவற்றுக்கு 1 லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் (கூட வரும் புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்), அதுவும் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்தால் போதும், ஏனென்றால் இப்போது பங்கில் வரும் எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், வாரக்கணக்கில் டேங்கில் கிடந்தால் கார்புரேட்டர் மக்கர் பண்ணும். செயின் ஆயிலுக்குத் தனி டேங்க், அது காலியாக ஓடினால் பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் சூடேறித் தேய்ந்துவிடும்.

அறுக்கும்போது சீவல் சீவலாக வராமல் மாவு மாதிரி தூள் வருகிறதா? செயின் மழுங்கிவிட்டது. மெஷினைப் போட்டு அழுத்தாமல், நிறுத்திவிட்டு, உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே திசையில் மூன்று நான்கு தள்ளு தள்ளுங்கள். எண்ணிக்கை எல்லாப் பல்லுக்கும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெட்டு கோணலாகப் போகும்.

அப்புறம் வண்டி. குட்டியானையில் தழை மலைபோல் தெரியும், எடை இருக்காது. பச்சைக் கட்டை நேர் எதிர், ஒரு கன மீட்டரே ஏறக்குறைய ஒரு டன் வரும், வண்டி தாங்குவதோ முக்கால் டன். கட்டை என்றால் பாதியோடு நிறுத்திவிட்டு இரண்டாவது நடை அடியுங்கள்.