கிரேடு 3 அலாரம்: சான்றிதழில் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

பிரிட்டனில் நகைக்கடைக்குக் காப்பீடு கேட்டால், பெரும்பாலும் கிரேடு 3 திருட்டு அலாரமும், அது அடித்தால் போலீஸ் வருகையும் நிபந்தனையாக வரும். திருட்டு அலாரங்களுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 50131-1இல் கிரேடு 1 முதல் 4 வரை உண்டு. இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று: மொத்த அமைப்பின் கிரேடு, அதிலுள்ள மிகக் குறைந்த கிரேடு பாகத்தின் கிரேடுதான். பேனல் (அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி) கிரேடு 3 ஆக இருந்து, ஸ்டாக் ரூமில் கிரேடு 2 சென்சார் மாட்டினால் எல்லாமே கிரேடு 2.

கிரேடு 3 மோஷன் சென்சார், தன் முகத்தை யாராவது மறைத்தால் சொல்ல வேண்டும். அலாரத்தை செட் செய்யாமல், மின்சாரம் மட்டும் இருக்கும்போது லென்ஸை ஒட்டி ஒரு அட்டையைப் பிடியுங்கள். மூன்று நிமிடத்துக்குள் பேனலில் மாஸ்கிங் (சென்சார் மறைக்கப்பட்டது என்ற) பழுது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உடனே சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் மாஸ்கிங் வயரையோ அதற்குரிய ரெசிஸ்டரையோ போடாமல் விட்டிருப்பார்கள். சென்சார் முன் நடந்து பார்க்கும் சாதாரண வாக் டெஸ்டில் இது அகப்படாது.

அடுத்தது பேட்டரி. மின்சாரம் போனால் கிரேடு 2க்கு 12 மணி நேரம், கிரேடு 3க்கு 60 மணி நேரம் தாங்க வேண்டும். மின்தடைத் தகவல் கண்காணிப்பு மையத்துக்குப் போகும் என்றால் 60 என்பது 30 ஆகும். அமைப்பு 0.4 ஆம்பியர் இழுத்தால் 30 மணிக்கு 12 ஆம்பியர்-மணி. சைரனுக்கு 0.25, பேட்டரி தேய்மானத்துக்குக் கால் பங்கு சேர்த்தால் 15.3. ஆகவே 17 ஆம்பியர்-மணி பேட்டரி. பேனலோடு வரும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியை அப்படியே விட்டால் தேறாது.

போலீஸ் வர, ஒவ்வொரு அலாரத்துக்கும் போலீஸ் தரும் யூஆர்என் என்ற பதிவெண் வேண்டும். அலாரம் நிறுவனங்களைச் சோதித்துச் சான்று தரும் என்எஸ்ஐ அல்லது எஸ்எஸ்ஏஐபி அமைப்பின் சான்று பெற்ற நிறுவனம், ஈஎன் தரத்தை பிரிட்டனில் செயல்படுத்தும் பிடி 6662 முறைப்படி பொருத்தினால்தான் அது கிடைக்கும். நிறுவனத்தின் பெயரை அந்த அமைப்புகளின் இணையப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். வேன் மேல் ஒட்டிய லோகோவை நம்ப வேண்டாம்.

ஒரு சென்சார் மட்டும் அடித்தால் சாவி வைத்திருப்பவருக்கே அழைப்பு போகும். பொய் அலாரங்களைக் குறைப்பதற்கான பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 8243 படி, குறித்த நேரத்துக்குள் இரண்டாவது சென்சாரும் அடித்தால்தான் போலீஸுக்குத் தகவல். அதனால் ஒரே வகைச் சென்சார் இரண்டை ஒரே இடத்தைப் பார்க்கும்படி வைக்கக் கூடாது. உள்ளே சிக்கிய ஒரு புறா போதும், இரண்டும் அடித்துவிடும். 12 மாதத்தில் மூன்று பொய் அழைப்பு போனால் போலீஸ் வருகை நிறுத்தப்படும்.